முன்னேரும் பின்னேரும்: பெருஞ்சாலையில் சரக்குந்துகளின் இடைவெளி

முன்னுரை

"முன்னேர் போன வழியே பின்னேர் போகும்" என்பது நம் நாட்டுப்புறத்தில் வழங்கும் பழமொழி. உழவர் பலர் ஒரே வயலில் வரிசையாக ஏர் பூட்டி உழுங்கால், முன்னேர் கோணினால் பின்னேரும் கோணும். முன்னேர் நின்றால் பின்னேரும் நிற்கும். ஆயினும் பின்னேர் ஓட்டுபவன் தன் மாடுகளை முன்னவனின் குதிகாலில் ஏற விடுவதில்லை. இடையே சில அடி நிலத்தை விட்டே ஓட்டுவான். இதை யாரும் அவனுக்குச் சட்டமாக எழுதிக் கொடுக்கவில்லை. வழிவழி வந்த அறிவு அது.

ஏரை இழுக்கும் மாடு ஓரடியில் நின்றுவிடும். முப்பது டன் பாரத்துடன் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் சரக்குந்து அவ்வாறு நில்லாது. எனினும், ஏரோட்டி விட்ட இடைவெளியைக்கூட விடாமல், ஒன்றன் வாலை ஒன்று பற்றியதுபோல் சரக்குந்துகள் ஓடுவதை நம் பெருஞ்சாலைகளில் நாள்தோறும் காண்கிறோம். இவ்வாறு நெருங்கி ஓடுவதன் காரணங்கள், அதன் ஆபத்து, அயல்நாடுகள் இதனையே ஓர் அறிவியல் முறையாக்க முயன்று கண்ட அனுபவம், நாம் செய்யத் தக்கவை ஆகியவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாமல் வழியே செல்லும் சாலை

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பாலுச்செட்டி சத்திரத்தை அடுத்து அமைந்த ஊர் தாமல். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றுக்குத் தன் பெயரைத் தந்த பழம்பெருமை இதற்குண்டு. ஏரியும் வயலும் கோயிலும் தறியும் ஊரின் ஒருபுறத் தோற்றம் என்றால், சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை அதன் மறுபுறத் தோற்றம்.

முன்பு 4 ஆம் எண் கொண்டிருந்த இச்சாலை, 2010 ஆம் ஆண்டு நெடுஞ்சாலை எண்கள் மாற்றியமைக்கப்பட்டபின் 48 ஆம் எண் சாலையாயிற்று. தில்லியில் தொடங்கி, ஜெய்ப்பூர், அகமதாபாத், மும்பை, புனே, பெங்களூரு வழியாகச் சென்னையை அடையும் நெடும்பாதை இது. தங்க நாற்கரத் திட்டத்தின் ஓர் உறுப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பொருள்களும், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கற்களும், கோலார்ப் பகுதித் தக்காளியும் இவ்வழியே கிழக்கு நோக்கிச் செல்கின்றன. சென்னைத் துறைமுகத்துப் பெட்டகங்களும், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் ஆலைகளில் உருவாகும் மகிழுந்துகளும் மேற்கு நோக்கிச் செல்கின்றன. ஆகவே தாமலில் சாலையோரம் நிற்கும் ஒருவர் தமிழகத்தின் வாணிகம் முழுவதையும் ஒரே இடத்தில் காணலாம். வாணிகத்தின் அவசரத்தையும் அங்கேயே காணலாம்.

கிழக்கே திருப்பெரும்புதூரை அடுத்த நெமிலியிலும், மேற்கே வாலாசாப்பேட்டையை அடுத்த சென்னசமுத்திரத்திலும் சுங்கச் சாவடிகள் உள்ளன. சாவடியில் தேங்கி நின்ற வண்டிகள் ஒரே வேளையில் புறப்படுகின்றன. பல மணி நேரம் தனித்தனியே ஓடிவந்த சரக்குந்துகள் சாவடியைக் கடந்தவுடன் கூட்டங்கூட்டமாக ஓடத் தொடங்குகின்றன. இரு சாவடிகளுக்கும் இடைப்பட்ட ஊராகிய தாமலை அவை அந்தக் கூட்டமாகவே வந்தடைகின்றன.

நெருங்கி ஓடுவது ஏன்?

ஓட்டுநர்கள் அறியாமையால் மட்டுமே நெருங்கி ஓட்டுகின்றனர் என்று கூறுவது பொருந்தாது. அதற்கு அவர்களிடம் காரணங்கள் உண்டு.

முதலாவது காற்று. விரைந்து செல்லும் வண்டி காற்றைக் கிழித்துச் செல்கிறது. அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்த பகுதி ஒன்று உண்டாகிறது. அப்பகுதியில் ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றின் தடை குறையும். தடை குறையவே டீசல் செலவும் குறையும். நூலறிவால் அன்றிப் பட்டறிவால் ஓட்டுநர்கள் இதனை உணர்ந்துள்ளனர்.

இரண்டாவது வழிமறிப்பு. முறையாக ஐம்பது மீட்டர் இடைவெளி விட்டால், மகிழுந்து ஒன்று உடனே அந்த இடத்தில் புகுந்துவிடுகிறது. மீண்டும் பின்வாங்கினால் மற்றொன்று புகுகிறது. 'இடம் விடுபவன் ஏமாளி' என்னும் எண்ணம் இங்ஙனமே வளர்கிறது.

மூன்றாவது இரவு. உறக்கம் அழுத்தும் நள்ளிரவில், முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பற்றிக்கொண்டு ஓட்டுவது எளிதாகத் தோன்றும். சாலையைப் பார்க்கும் உழைப்பை முன்னவனிடம் விட்டுவிட்டு, அவன் விளக்கை மட்டும் பார்த்தால் போதும் என்று களைத்த மனம் சொல்கிறது. நான்காவது, குறித்த நேரத்தில் சரக்கைச் சேர்க்க வேண்டும் என்னும் நெருக்கடி. இது ஓட்டுநர் தாமே தேடிக்கொண்டதன்று. பிறர் அவர்மீது ஏற்றியது.

கணக்குச் சொல்வது என்ன?

மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர். முன்வண்டியின் பிரேக் விளக்கு எரிவதைக் கண் காண வேண்டும்; மனம் அதனை உணர வேண்டும்; கால் பிரேக்கை அழுத்த வேண்டும். கனரக வண்டிகளில் பிரேக்கை இயக்குவது காற்றழுத்தமாதலால், அக்காற்று குழாய்களின் வழியே சக்கரங்களைச் சென்றடையவும் சிறிது நேரமாகும். இவை அனைத்திற்குமாக ஒன்றரை நொடி என்று குறைத்தே கொள்வோம். அதற்குள் வண்டி 33 மீட்டர் ஓடிவிடும். அதுவரை அதன் வேகம் சிறிதும் குறைந்திராது.

இனி, பிரேக் பிடித்தபின் ஓடும் தூரத்தைக் காண்போம். பாரம் குறைந்த, நல்ல நிலையிலுள்ள வண்டி நொடிக்கு 6 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்க வல்லது என்று கொண்டால், அது 41 மீட்டரில் நிற்கும். முழுப் பாரம் ஏற்றிய, பிரேக் தேய்ந்த வண்டி நொடிக்கு 4 மீட்டர் வீதமே வேகத்தைக் குறைக்குமாயின் அதற்கு 62 மீட்டர் வேண்டும். முன்னது முதல் வகை வண்டியாகவும் பின்னது இரண்டாம் வகை வண்டியாகவும் இருந்தால், வேறுபாடு 21 மீட்டர். அதனுடன் முற்கூறிய 33 மீட்டரைக் கூட்ட 54 மீட்டர் ஆகின்றது. அவ்வளவு இடைவெளி இருந்தால்தான் பின்வண்டி மோதாமல் தப்பும்.

அந்த இடத்தில் 10 மீட்டர் மட்டுமே விட்டிருந்தால் என்ன ஆகும்? பின்வண்டி பிரேக் பிடிக்கத் தொடங்கி அரை நொடி நிறைவதற்குள் மோதல் நிகழ்ந்துவிடும். அப்போது இரு வண்டிகளின் வேக வேறுபாடு மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டராக இருக்கும். நம் சரக்குந்துகளில் பெரும்பாலானவை மூக்கற்ற, தட்டையான முகப்புடையவை. அங்கே முன்வண்டியின் வாலுக்கும் ஓட்டுநரின் முழங்காலுக்கும் இடையே இருப்பது ஒரு தகடேயாகும்.

வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போதுமானதாகத் தோன்றிய இடைவெளி 80 கிலோமீட்டரில் போதவே போதாது.

சங்கிலியாகத் தொடரும் விபத்து

இரு வண்டிகளோடு இது நிற்பதில்லை. பிரேக் பிடித்து நிற்கும் வண்டி ஐம்பது, அறுபது மீட்டர் ஓடி நிற்கிறது. மோதி நிற்கும் வண்டியோ சில மீட்டரிலேயே நின்றுவிடுகிறது. எனவே, மூன்றாவதாக வருபவருக்கு இரண்டாமவருக்குக் கிடைத்த தூரமும் கிடைப்பதில்லை. நான்காமவருக்கு அதனினும் குறைவு. மேலும், உயர்ந்த பெட்டகத்தின் பின்னே நெருங்கி வருபவர் அதன் கதவை மட்டுமே காண்கிறார். அதற்கு முன்னே நிகழ்வது எதனையும் காண்பதில்லை.

தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாய் இதற்குத் துயரச் சான்றாகும். 2020 டிசம்பர் 12 அன்று, முன்னரே நிகழ்ந்த ஒரு விபத்தால் அங்கே தேங்கி நின்ற வண்டிகளின்மீது, சிமெண்டு ஏற்றிவந்த சரக்குந்து பாய்ந்தது. பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நொறுங்கின, உயிர்களும் பறிபோயின. 2024 சனவரியில் அதே கணவாயில் சரக்குந்துகள் ஒன்றன்மீது ஒன்று மோத, இடையில் சிக்கிய மகிழுந்தும் தப்பவில்லை. தொப்பூரில் சரிவும் சூடேறிய பிரேக்கும் காரணங்களாயின. சமதளமாகிய தாமலில் அவை இல்லை எனலாம். ஆனால், சமதளமே வேகத்திற்கு அழைப்பு விடுக்கிறது. மார்கழி, தை மாதங்களின் வைகறையில் ஏரியோரப் பனிமூட்டமும், போகி நாளின் புகையும் சேரும்போது, கண்ணுக்கெட்டும் தூரம் பிரேக்குக்கு வேண்டிய தூரத்தைவிடக் குறைந்துவிடுகிறது.

மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையின்படி, 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 17,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பின்னாலிருந்து மோதும் வகையைச் சேர்ந்தது. அவ்வகை விபத்துகளைத் தவிர்க்கப் போதிய இடைவெளியைக் காட்டிலும் எளிய வழி வேறில்லை.

அயல்நாடுகளின் தொடரணி

இங்கே ஓர் ஐயம் எழலாம். நெருங்கி ஓடுவது இத்துணை ஆபத்தானதாயின், மேலை நாடுகள் அதனையே வேண்டுமென்று செய்து பார்ப்பது எதனால்?

சரக்குந்துகளை வானொலி அலைகளால் இணைத்து, முதல் வண்டி பிரேக் பிடித்த அந்தக் கணமே மற்ற வண்டிகளும் தாமாகவே பிரேக் பிடிக்குமாறு அமைக்கும் முறை உண்டு. இதனைத் தொடரணி என்று கூறலாம். மனிதரின் ஒன்றரை நொடி இங்கே நொடியில் மிகச் சிறு பகுதியாகச் சுருங்குகிறது. 1997 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோ நகரருகே எட்டு மகிழுந்துகளை ஆறரை மீட்டர் இடைவெளியில் ஓட்டிக் காட்டினர். 2016 ஏப்ரலில் ஐரோப்பாவின் ஆறு பெருநிறுவனங்களின் சரக்குந்துகள் பல நாடுகளிலிருந்து தொடரணியாகப் புறப்பட்டு ராட்டர்டாம் துறைமுகத்தை அடைந்தன. ஜெர்மனியில் மியூனிக், நியூரம்பர்க் நகரங்களுக்கு இடையே 15 முதல் 21 மீட்டர் இடைவெளியில் சரக்குந்துகளை ஓட்டிப் பார்த்த ஆய்வின் முடிவுகள் 2019 இல் வெளியாயின. எரிபொருள் மிச்சம் நூற்றுக்கு 3 முதல் 4 விழுக்காடே என்று அது காட்டியது. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலும், துறைமுக முனையங்களுக்கு இடையே ஓட்டுநர் உள்ள ஒரு வண்டியின் பின்னே ஓட்டுநரற்ற வண்டிகளைச் செலுத்தும் சோதனைக்கு 2017 இல் ஒப்பந்தமானது. 2021 இல் சப்பான் நாடு விரைவுச் சாலையில் மூன்று சரக்குந்துகளை, பின்னிரண்டின் ஓட்டுநர் இருக்கையில் ஆளின்றியே ஓட்டிக் காட்டியது.

இம்முயற்சிகளின் அடிப்படையைக் கூர்ந்து நோக்க வேண்டும். அங்கே வண்டிகள் ஒன்றோடொன்று பேசுகின்றன. ஒவ்வொன்றின் எடையும் பிரேக்கின் வலிமையும் முன்னரே அறியப்படுகின்றன. விரைவில் நிற்க வல்ல வண்டி பின்னேயும், நிற்கத் தாமதிக்கும் வண்டி முன்னேயும் வருமாறு வரிசை அமைக்கப்படலாம். மாடும் மிதிவண்டியும் குறுக்கே வராத சாலையில் அவை ஓடுகின்றன. இத்தனை இருந்தும், 2019 சனவரியில் ஜெர்மனியின் டெய்ம்லர் நிறுவனம் தொடரணி முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தது. பிற வண்டிகள் இடையில் புகும்போதெல்லாம் அணி பிரிந்து மீண்டும் சேர வேண்டியிருப்பதால், எதிர்பார்த்த டீசல் மிச்சம் கிட்டவில்லை என்பதே அதன் காரணம்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. நம் சாலையில் வண்டிகள் பேசிக்கொள்வதில்லை. பிரேக் விளக்கே எரியாத வண்டிகளும் உண்டு. எடையும் பிரேக்கும் வண்டிக்கு வண்டி வேறு. ஆகவே, நம் ஓட்டுநர்கள் செய்வது தொடரணியன்று; அதன் ஆபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாதுகாப்பை விட்டுவிட்ட நிலையேயாகும். அறிவியல் துணைக்கு நின்ற நாட்டிலேயே மூன்று, நான்கு விழுக்காடாக நின்றுபோன ஆதாயத்திற்காக, துணையேதுமின்றி உயிரைப் பணயம் வைப்பது எவ்வகையில் அறிவுடைமையாகும்?

சட்டம் கூறுவது

நம் நாட்டுச் சட்டம் இதில் வாளாவிருக்கவில்லை. முன்செல்லும் வண்டி திடீரென வேகம் குறைந்தாலும் நின்றாலும் மோதாதவாறு போதிய இடைவெளி விட வேண்டும் என்று 1989 ஆம் ஆண்டின் சாலை விதிகள் வகுத்தன. 2017 இல் அவற்றின் இடத்திற்கு வந்த புதிய ஓட்டுநர் விதிமுறைகளும் இக்கடமையைக் கொண்டுள்ளன. நான்கு வழிச் சாலையில் சரக்குந்துகளின் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என 2018 இல் வரையறுக்கப்பட்டது. அதே ஆண்டில் கனரக வண்டிகள் ஏற்றிச் செல்லத்தக்க பாரத்தின் அளவும் உயர்த்தப்பட்டது. பாரம் கூடினால் நிற்கும் தூரமும் கூடக் கூடுமாதலால், இடைவெளியின் இன்றியமையாமை அன்று முதல் மேலும் பெருகியது எனலாம்.

'போதிய இடைவெளி' என்பது எவ்வளவு? 1989 ஆம் ஆண்டு விதி அதனை மீட்டரில் கூறவில்லை. ஜெர்மனியிலோ மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் விரையும் சரக்குந்துகள் விரைவுச் சாலையில் 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சட்டமே எண்ணிட்டுக் கூறுகிறது. நாம் மேலே கண்ட 54 மீட்டர்க் கணக்குக்கு அது நெருங்கி நிற்பதைக் காண்க.

மற்றுமொரு சட்டத்தையும் இங்கு எண்ண வேண்டும். 2025 வரை நடைமுறையில் இருந்த 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநரின் வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று பொதுவாக வரையறுத்தது. ஐந்து மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது என்றது. இடையே அரை மணியேனும் ஓய்வு தர வேண்டும் என்றும் கூறியது. இவ்வரையறை சரக்கு வண்டி ஓட்டுவோர்க்கும் பொருந்தும் என்று 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் கூறியது. ஏட்டில் இருந்த இவ்விதி சாலையில் எவ்வளவு இருந்தது என்பதை, நள்ளிரவில் தேநீர்க் கடையில் முகம் கழுவிக்கொள்ளும் எந்த ஓட்டுநரைக் கேட்டாலும் சொல்வார்.

செய்யத் தக்கவை

ஓட்டுநர் செய்யத் தக்கது எளிது. முன்வண்டி ஒரு கிலோமீட்டர்க் கல்லையோ மரத்தையோ கடக்கும்போது, "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று நிதானமாக எண்ண வேண்டும். மூன்றும் எண்ணி முடித்த பின்னரே தம் வண்டி அந்த இடத்தை அடைந்தால் ஏறத்தாழ மூன்று நொடி இடைவெளி உள்ளது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 66 மீட்டராகும். மழையிலும் பனியிலும் இதனை இரட்டிப்பாக்க வேண்டும். இடையில் மகிழுந்து புகுந்தால் புகட்டும். மீண்டும் பின்வாங்கி எண்ணத் தொடங்கினால் இழப்பது சில நொடிகளே.

மகிழுந்து ஓட்டுவோர்க்கும் இதில் பங்குண்டு. சரக்குந்தின் முன்னே உள்ள வெற்றிடம் நமக்காக விடப்பட்ட இடமன்று. அவ்வண்டி நிற்பதற்கு வேண்டிய இடம். அதில் புகுபவர் அவ்வண்டியின் பிரேக்கைப் பறித்துக்கொள்கிறார்.

வண்டி உரிமையாளர்கள் பின்விளக்கு, பிரதிபலிப்புப் பட்டை, பின்புறத் தடுப்புச் சட்டம் ஆகியவற்றைப் பழுதறப் பேண வேண்டும். உயர்ந்த சரக்குந்தின் அடியில் மகிழுந்து புகுந்து நசுங்குவதைத் தடுப்பது அந்த இரும்புச் சட்டமேயாகும். முன்வண்டி நெருங்கினால் தானே பிரேக் பிடிக்கும் கருவி, ஐரோப்பாவில் 2015 நவம்பர் முதல் புதிய கனரக வண்டிகளில் கட்டாயமாயிற்று. நம் உரிமையாளர்களும் புதிய வண்டி வாங்குங்கால் அக்கருவியைக் கேட்டுப் பெறலாம்.

இறுதியாக, சரக்கு அனுப்புவோர். நம் பகுதிச் சான்றோர் பலர் தோல், துணி, மளிகை வாணிகத்தில் ஈடுபட்டுள்ளவர்கள். "நாளைக் காலைக்குள் சென்னையில் இறங்க வேண்டும்" என்று ஒருவர் தொலைபேசியில் கூறும் ஒரு சொல், நள்ளிரவில் தாமலருகே இரு சரக்குந்துகளுக்கு இடைப்பட்ட மீட்டர்களைக் குறைக்கிறது. ஓய்வையும் உணவையும் கணக்கிட்டு நேரம் குறிப்பவரே அந்த மீட்டர்களைத் திருப்பித் தருபவர். கூலி கொடுப்பதோடு ஓட்டுநர்பால் நம் கடமை முடிந்துவிடவில்லை; அவர் வீடு திரும்பவும் வழி செய்ய வேண்டும்.

முடிவுரை

காஞ்சி வட்டாரத்து நெசவாளர் ஆயிரக்கணக்கான பாவு இழைகளைத் தறியில் ஏற்றுகின்றனர். அத்தனை இழைகளும் சிக்காமல் ஓடுவதற்குக் காரணம், அச்சு என்னும் கருவி இழைக்கு இழை இடம் விட்டு நிறுத்துவதே. இடைவெளி இருப்பதனால்தான் நாடா ஓடுகிறது, துணி விளைகிறது. சாலைக்கும் அதுவே நீதி. வண்டிகளுக்கு இடையே விட்ட இடம் வீணான இடமன்று. அது இருப்பதனால்தான் போக்குவரத்து நடைபெறுகிறது.

2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்ட பெங்களூரு–சென்னை விரைவுச் சாலையைப் போன்று, இன்னும் விரைந்து செல்லும் பாதைகள் நம் பகுதிக்கு வருகின்றன. சாலை அகலலாம்; வண்டி வலுக்கலாம்; ஓட்டுநரின் கண்ணும் காலும் எடுத்துக்கொள்ளும் அந்த ஒன்றரை நொடி மட்டும் குறையப்போவதில்லை. ஏரோட்டிய முன்னோர் சில அடி நிலமாக விட்டுச் சென்ற அறிவை, நாம் ஐம்பது, அறுபது மீட்டராக விரித்துப் பின்பற்றுதல் வேண்டும்.